வீட்டில் கிட்டார் ரேக்குக்கு மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேக் கட்டி (கிட்டாருக்கான ஆம்ப், எஃபெக்ட் பெட்டிகளை ஒரே சட்டத்தில் அடுக்கி) வாசிப்பவர்கள் பிக்கப், ஆம்ப் பற்றிக் கேட்பதைவிட ப்ளக் பாயிண்ட் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பை, அதாவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸை, மனதில் வைத்து எழுதியவை. உதாரண ரேக்கில் இருப்பவை: ட்யூனர், டியூப் ப்ரீ-ஆம்ப், எஃபெக்ட் ப்ராசஸர், மிடி ஸ்விட்சர், 50+50 வாட் டியூப் பவர் ஆம்ப். டிஜிட்டல் மாடலர் (டியூப் ஆம்பின் ஒலியை மென்பொருளால் உண்டாக்கும் பெட்டி) மட்டும் வைத்திருப்பவர்கள் டியூப் பற்றிய பதில்களைத் தாண்டிப் போகலாம். எர்த் பற்றியவற்றைத் தாண்ட வேண்டாம்.

1. சுவர்ல இருக்கிற ப்ளக்ல நேரா குத்தினா ஆகாதா? "க்ளீன் பவர்"னா என்னதான்?

பல வீடுகளில் தாராளமாக ஆகும். சிக்கல் என்னவென்றால், "க்ளீன் பவர்" என்ற ஒரே பேச்சில் மூன்று தனித்தனிக் கோளாறுகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, வோல்டேஜ் ஏறி இறங்குவது. இரண்டு, லைனில் ஏறி வரும் உயர் அதிர்வெண் இரைச்சல். மூன்று, எர்த் சரியில்லாதது அல்லது எர்த் வழியாக வளையம் உண்டாவது.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஸ்டெபிலைசர் ஹம்மை, அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் உறுமலை, நிறுத்தாது. ஃபில்டர் வோல்டேஜைச் சரிசெய்யாது. இரண்டும் சேர்ந்தாலும் எர்த் வளையத்தை (விளக்கம் ஒன்பதாவது பதிலில்) ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு ரேக்கில் காதில் விழும் உறுமல் பெரும்பாலும் மூன்றாவது வகை, இல்லையென்றால் பிக்கப் காற்றிலிருந்து பிடிப்பது. வயரில் வரும் அழுக்குக்கு அதற்கடுத்த இடம்தான். பெட்டி வாங்குவதற்கு முன்னால் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எப்படி என்பது எட்டாவது பதிலில்.

2. என் ரேக் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? சின்ன ப்ளக் தாங்குமா?

ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கமும் வாட் போட்டிருக்கும். கூட்டி 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். நம் உதாரணத்தில் ட்யூனர் 5 வாட், ப்ரீ-ஆம்ப் 30, ப்ராசஸர் 30, ஸ்விட்சர் 10, பவர் ஆம்ப் முழு வேகத்தில் 350 என்று வைத்தால் மொத்தம் 425 வாட். 2 ஆம்பியர்கூட இல்லை. 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் தாங்கும். டியூப் ஆம்ப் மட்டும் வாசிக்காமல் இருக்கும்போதும் கணிசமாக இழுக்கும். இஎல்34 என்ற பவர் டியூப் (குழல்) ஒன்றின் ஹீட்டருக்கே 9.5 வாட் வேண்டும், நான்கு குழல் என்றால் 38.

கணக்குப்படி சின்ன ப்ளக் போதும் என்றாலும், 16 ஆம்பியர் பவர் ப்ளக்கைப் பயன்படுத்துவது நல்லது. அதற்கு டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து பெரும்பாலும் தனி லைன் வரும், வயர் தடிமன், பிடிப்பும் இறுக்கம். ஃபேன், லைட் போர்டோடு சேர்ந்த சின்ன ப்ளக்கில் அந்த அறையின் இரைச்சலும் சேர்ந்தே வரும்.

3. பின்னாடி ஏழெட்டு ப்ளக் தொங்குது. எல்லாத்தையும் எப்படி ஒழுங்கா கொடுக்கிறது?

சுவரிலிருந்து ஒரே ஒரு கேபிள் ரேக்குக்கு வர வேண்டும். அங்கே ஒரே ஒரு பகிர்வுப் பலகை, அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் நேரடி கார்டு. எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் குத்துவது, ஆம்புக்கு ஒரு சுவர், ப்ராசஸருக்கு எதிர்ச் சுவர் என்று பிரிப்பது இரண்டும் வேண்டாம். எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் பெட்டிகளுக்கிடையே எர்த் வித்தியாசம் மிகக் குறையும், ஹம்மில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

சுவரிலிருந்து வரும் கேபிள் மூன்று கோர், 1.5 சதுர மி.மீ. செம்பு. பலகை 1யூ (ரேக்கில் ஒரு தட்டு) உயர ரேக் வகையாகவோ, உள்ளே 6 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வைத்த உலோகப் பலகையாகவோ இருக்கலாம். எல்லா நாட்டு ப்ளக்கும் நுழையும் யுனிவர்சல் சாக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். நம் உருண்டைப் பின் அதில் ஆடும், ஆடினால் பொறி பறக்கும், பொறி பறந்தால் ஸ்பீக்கரில் படபடவென்று கேட்கும். கம்ப்யூட்டருக்கு வரும் கார்டை ஏற்கும் சாக்கெட் உள்ள பலகை கிடைத்தால் இன்னும் உத்தமம்.

ரேக்கின் பின்னால் ஒரு பக்கம் பவர், எதிர்ப்பக்கம் சிக்னல். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மிச்சக் கார்டைச் சுருட்டி சிக்னல் கேபிளோடு டை போட்டுக் கட்டுவதைப் பார்க்காத வீடே இல்லை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஹம்முக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

4. 1யூ பவர் கண்டிஷனர் வாங்கினா ஹம் போயிடுமா?

போகாது. சாதாரண விலையில் கிடைக்கும் இத்தகைய பெட்டிகளின் உள்ளே இருப்பது பொதுவாக இரண்டு சமாச்சாரம்: வோல்டேஜ் பாய்ச்சலை விழுங்கும் வேரிஸ்டர், உயர் அதிர்வெண்ணை வடிக்கும் சிறு சுருளும் கெபாசிட்டரும். அந்த ஃபில்டர் ரேடியோ அதிர்வெண் பக்கம்தான் வேலை செய்யும். ஹம் என்பது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். 50 ஹெர்ட்ஸை வடித்துவிட்டால் மின்சாரமே வராது. வோல்டேஜையும் இவை திருத்துவதில்லை; திருத்துபவை தனி ரகம், விலையும் எடையும் பல மடங்கு.

அப்படியானால் எதற்கு? எட்டு உறுதியான சாக்கெட், ஒரே சுவிட்ச், பாய்ச்சலுக்குக் கொஞ்சம் காப்பு, ரேக்கில் பொருந்தும் உருவம். முன்பக்க விளக்கும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கான விலை கொடுத்து வாங்கினால் தப்பில்லை.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் அது 120 வோல்ட் மாடலா என்று கட்டாயம் பாருங்கள். அதன் வேரிஸ்டர் 130, 150 வோல்ட் அளவில்தான் இருக்கும். நம் சுவரில் குத்திய நொடியில் வெடிக்கும். நமக்கு வேண்டியது 275 வோல்ட் ஏசி வேரிஸ்டர். வில்லை மேல் 431கே என்று அச்சிட்டிருக்கும்.

5. எர்த் சரியா இருக்கான்னு நானே பார்க்க முடியுமா?

மல்டிமீட்டர் இருந்தால் ஓரளவு முடியும். 750 வோல்ட் ஏசி அளவில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்கும். ஃபேஸ்–எர்த் அதிலிருந்து இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நியூட்ரல்–எர்த் 50, 80 என்று காட்டினால் எர்த் வயர் எங்கோ அறுந்து தொங்குகிறது. வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் துல்லியமாக 0.0 என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்த பதிலில் சொல்லும் திருட்டு வேலையாக இருக்கலாம்.

டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த கரண்டில் அளப்பதால் துருப்பிடித்த எர்த்தையும் நல்லது என்று காட்டிவிடும். உண்மையான சோதனை எலெக்ட்ரீஷியன் செய்வது: 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போடுவார். ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அது உடனே விழ வேண்டும். இல்லாத வீட்டில் பல்பு முழுப் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பிட் (எர்த் புதைத்த குழி) காய்ந்திருக்கிறது. கோடையில் இது சகஜம். பிட்டில் தண்ணீர் ஊற்றினால் தற்காலிகமாகத் தேறும். எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொன்னால் 5 ஓமுக்குள் வந்தால் நல்லது.

6. எங்க வாடகை வீட்டுல எர்த்தே இல்ல. எலெக்ட்ரீஷியன் நியூட்ரலையே எர்த் பின்னோட சேர்த்துடலாம்னு சொல்றார். செய்யலாமா?

கூடவே கூடாது. நியூட்ரல் வயர் எங்காவது கழன்றால் உங்கள் ரேக்கின் இரும்பு முழுக்க 230 வோல்ட் ஏறும். கிட்டார் கம்பி, கேபிளின் உறை வழியாக ஆம்ப் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் கம்பியிலும் அதே வோல்டேஜ். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத மின்கிட்டாரால் இறந்தார். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்சீ மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

வீட்டுக்காரரிடம் பேசி மெயின் போர்டிலிருந்து பச்சை வயர் ஒன்றை உங்கள் ப்ளக்குக்கு இழுக்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்கே எர்த் பிட் இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம். நம் வீடுகளில் பிழைக் கரண்ட் திரும்பும் வழி மண்தான். 5 ஓம் எர்த்தில் 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி-வகை எம்.சி.பி. உடனடியாக விழ 80-க்கு மேல் வேண்டும். எம்.சி.பி. மட்டும் ஆளைக் காப்பாற்றாது.

7. கம்பியைத் தொட்டா "ர்ர்ர்" சத்தம் குறையுது. எர்த் கோளாறுதானே?

இல்லை, அது இயல்பு. அறையின் மின்புலத்தை உங்கள் உடம்பு பிடித்துக் கிட்டாருக்குள் கொண்டுபோகிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தாகி இரைச்சல் குறைகிறது. நிறைய குறைந்தால் கிட்டாரின் உள்குழியில் செம்புத் தாள் ஒட்டி எர்த்தில் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். தொட்டால் சத்தம் கூடுகிறது, அல்லது விரலில் விறுவிறு என்று இழுக்கிறது என்றால்தான் எர்த் கோளாறு. உடனே நிறுத்திவிட்டு ஐந்தாவது பதிலில் உள்ள அளவுகளை எடுங்கள்.

8. ஹம் எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கிட்டாரோடு அப்படியே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் குறைந்து இன்னொரு திசையில் கூடினால் பிக்கப் காற்றில் பிடிக்கிறது. பவர் பெட்டி எதுவும் உதவாது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அல்லது ஹம்பக்கருக்கு (ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) மாறுங்கள். திரும்பினாலும் மாறவில்லை என்றால் கிட்டார் கேபிளைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கிட்டாரோ கேபிளோ.

நிற்கவில்லையா? எல்லா சிக்னல் கேபிளையும் கழற்றி பவர் ஆம்ப், ஸ்பீக்கர் மட்டும் விடுங்கள். அதுவே உறுமினால் ஆம்பின் உள்கோளாறு. அமைதியாக இருந்தால் பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு பெட்டியாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் வருகிறதோ அங்கேதான் வளையம்.

சுருதியும் துப்பு கொடுக்கும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். ஹம் கிட்டத்தட்ட அதே சுருதியில், கொஞ்சம் கரகரவென்று இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயருக்குப் பின் வருவது. பழைய ஆம்பில் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றியிருக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, மழமழவென்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ். எர்த் வளையமோ காந்தப் பிடிப்போ.

9. எர்த் பின்னைக் கழட்டினா ஹம் சுத்தமா நின்னுடுதே, அப்படியே வாசிக்கலாமா?

ஆறாவது பதிலை மறுபடி படியுங்கள். ஹம் நின்றது நல்ல செய்தி. வளையம் இருப்பது உறுதியாகிவிட்டது. ஆனால் அறுக்க வேண்டியது சிக்னல் பக்கம், பவர் பக்கம் இல்லை.

இரண்டு பெட்டிகளும் பவர் கார்டு வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கின்றன. ஆடியோ கேபிளின் உறை வழியாக இன்னொரு தடவை சேர்கின்றன. அந்த வளையத்தில் ஓடும் சிறு கரண்ட்தான் உறுமல். ப்ரீ-ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே 1:1 ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் சிக்னல் மட்டும் தாண்டும், உறை தாண்டாது. பெரிங்கரின் ஹெச்டி400 போன்ற சிறு பெட்டிகள் இதற்கென்றே இருக்கின்றன, பவரும் வேண்டியதில்லை. இரு பக்கமும் பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு வயர், உறை தனி) என்றால் பெட்டியே வேண்டாம். கேபிளின் வாங்கும் முனையில் உறையை மட்டும் இணைக்காமல் விட்டாலே போதும். ப்ராசஸரை ஆம்புக்கு முன்னாலும் அதன் எஃபெக்ட் லூப்பிலும் சேர்க்கும் நான்கு கேபிள் முறையில் இணைப்பவர்களுக்கு ஆம்பின் எஃபெக்ட் லூப்பில்தான் இந்த வளையம் அதிகம் வரும். ட்ரான்ஸ்ஃபார்மரை முதலில் அங்கே போட்டுப் பாருங்கள்.

10. கேபிளே இல்லாம, ரேக்ல ஸ்க்ரூ போட்டதும் ஹம் வருது. இது எப்படி?

இரண்டு காரணம். பெட்டிகளின் முகத்தகடு ரேக்கின் இரும்புச் சட்டத்தில் தொட்டு, அதுவே இன்னொரு எர்த் வழியாகிறது. ஸ்க்ரூவுக்கு நைலான் வாஷரும், முகத்தகட்டின் ஸ்க்ரூ போடும் ஓரத்துக்கு (ரேக் காதுக்கு) பின்னால் ப்ளாஸ்டிக் துண்டும் வைத்தால் தீரும். பவர் கார்டின் எர்த் இருப்பதால் பாதுகாப்புக்குக் குறைவில்லை.

இன்னொன்று காந்தம். பவர் ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே ப்ரீ-ஆம்ப் உட்கார்ந்தால் அதன் உள்சுருள்கள் ஹம்மைப் பிடிக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, பெட்டியைக் கையில் பிடித்தபடி மேலே கீழே நகர்த்துங்கள். தூரத்தைப் பொறுத்துச் சத்தம் மாறினால் இதுதான். பவர் ஆம்ப் அடியில், நடுவே ட்யூனரோ காலித் தட்டோ, ப்ரீ-ஆம்ப் உச்சியில் என்று வையுங்கள். டியூப் பெட்டிக்கு மேல் 1யூ காலி விடுவது நம் ஊர் வெயிலுக்கு எப்படியும் வேண்டியதுதான்.

11. ரெக்கார்டிங்குக்கு லேப்டாப் சேர்த்தா மட்டும் "கீ"னு ஒரு சத்தம்.

சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் யூஎஸ்பி கேபிள் வழியாக எர்த் வளையம். சார்ஜரையும் ரேக்கின் பலகையிலேயே குத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் இன்டர்ஃபேஸின் அவுட்புட்டில் ஒன்பதாவது பதிலின் ட்ரான்ஸ்ஃபார்மர். அதுவரை பேட்டரியில் ரெக்கார்ட் செய்யுங்கள், செலவில்லாத வைத்தியம்.

12. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினா ஸ்பீக்கர்ல "ஸ்ஸ்ர்ர்"னு வருது.

விருப்பம் போல் எந்த நிலையிலும் நிற்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், ஒவ்வொரு அரை அலையிலும் மின்சாரத்தை வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் கூரான இரைச்சல். படிப்படியாகத் திரும்பும், கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் ஒழிந்தது. லைட் டிம்மரும் இதே கதை. மிக்ஸி ஓடும்போது வருவது மோட்டாரின் கார்பன் பிரஷ் பொறி. அதற்கு மாவு அரைத்து முடியும்வரை காத்திருப்பதே சரி. ஃபில்டர் உள்ள பகிர்வுப் பலகை உண்மையில் கை கொடுப்பது இந்த ரக இரைச்சலுக்குத்தான்.

13. எங்க ஏரியால 190-ம் வருது, 250-ம் வருது. டியூப் ஆம்புக்கு ஆகுமா?

100–240 வோல்ட் என்று அச்சிட்ட மாடலர், ப்ராசஸருக்கு 190-ல் கவலையில்லை. டியூப் ஆம்புக்கு உண்டு. ஹீட்டர் 6.3 வோல்ட் வேண்டும், 10 சதவீதம் முன்பின் பொறுக்கும், அதாவது 5.7 முதல் 6.9 வரை. சுவரில் 190 என்றால் ஹீட்டருக்கு 5.2. குழல் சரியாகச் சூடாகாது, ஒலி மந்தமாகும், ஆயுளும் குறையும். 250 என்றால் 6.85, எல்லைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதிகம் கவனிக்காத விஷயம் ஆம்பின் வோல்டேஜ் செலக்டர். 220-ல் வைத்த ஆம்புக்கு 245 கொடுத்தால் ஹீட்டருக்கு 7 வோல்ட் ஏறிவிடும். 230 அல்லது 240 நிலை இருந்தால் அதில் வையுங்கள். வீட்டு வோல்டேஜைக் காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 210 முதல் 245-க்குள்ளேயே இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம்.

14. ஸ்டெபிலைசர் வேணும்னா எது? பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் கிடக்குது.

அது கிடக்கட்டும். ரிலே வகை, படிப்படியாகத்தான் மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் டக்கென்று ஒரு கண நேரத் துண்டிப்பு, ஸ்பீக்கரிலும் கேட்கும். வோல்டேஜ் எல்லைக்கோட்டில் ஆடும் மாலை வேளையில் டக் டக்கென்று தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

ரேக்குக்கு ஏற்றது சர்வோ வகை. உள்ளே டிம்மர்ஸ்டாட் (திருப்பினால் வோல்டேஜ் மாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்), அதைத் திருப்பும் சிறு மோட்டார். வோல்டேஜ் வழுக்கிக்கொண்டு மாறும், துண்டிப்பு இல்லை. நம் உதாரண ரேக்குக்கு 1 கேவிஏ போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், காந்தமும் வீசும். அறையின் மூலைக்கோ வெளி வராண்டாவுக்கோ தள்ளுங்கள். கார்பன் பிரஷ்ஷை வருஷத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசரைவிட முதலில் வாங்க வேண்டியது, எல்லை தாண்டினால் துண்டிக்கும் ரிலே. போஸ்டில் நியூட்ரல் கழன்றால் வீட்டுக்குள் 400 வோல்ட்வரை நுழையும். 170-க்குக் கீழும் 270-க்கு மேலும் வெட்டும்படி எம்.சி.பி. பெட்டியிலேயே இதைப் பொருத்தலாம்.

15. கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல வாசிக்கலாமா?

சதுர அலை இன்வெர்ட்டரில் வேண்டாம். 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றை மடங்குகள் எல்லாம் கொட்டி, ட்ரான்ஸ்ஃபார்மரே சத்தமாகப் பாடும், சூடாகும். டியூப் ஆம்புக்கு இன்னொரு கேடு: மெயின் அலையின் உச்சி 325 வோல்ட், சதுர அலையின் உச்சி 230-தான். ரெக்டிஃபயர் உச்சியைத்தான் பிடிக்கும் என்பதால் குழல்களுக்குப் போகும் உயர் வோல்டேஜ் முப்பது சதவீதத்துக்கு நெருக்கமாக விழும்.

சைன் அலை இன்வெர்ட்டரில் மாடலர் நன்றாகவே ஓடும். 850, 900 விஏ வீட்டு இன்வெர்ட்டரில் நான்கு ஃபேன் ஓடினாலே 300 வாட் போய்விடும். டியூப் பவர் ஆம்பை அதில் ஏற்றினால் வீட்டில் திட்டு விழும். பின்பக்க சுவிட்ச் யூ.பி.எஸ். நிலையில் இருக்கட்டும், மாறும் இடைவெளி குறையும், ப்ராசஸர் ரீஸ்டார்ட் ஆகாது. கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் லைனில் இரைச்சல் கேட்டால் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் முடிந்ததும் குறைகிறதா பாருங்கள்.

16. அப்போ ஆன்லைன் யூ.பி.எஸ். வாங்கிட்டா எல்லாம் தீர்ந்துடுமா?

வோல்டேஜும் துண்டிப்பும் தீரும். ஏசியை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கித் தருவதால் வெளியே 170 வந்தாலும் உள்ளே 230. ஆனால் ஃபேன் சதா ஓடும், மைக் வைத்து ரெக்கார்ட் செய்யும் அறையில் அதுவே இரைச்சல். எர்த் உள்ளிருந்து வெளியே அப்படியே கடந்து போவதால் ஒன்பதாவது பதிலின் வளையம் அப்படியே இருக்கும். ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குச் சரி, வீட்டில் வாசிப்பவருக்கு அதிகப்படி.

17. அமெரிக்காவுல இருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப். ஸ்டெப்-டவுன் போதுமா?

போதும், மூன்று விஷயம் பார்த்தால். அளவு: ஆம்ப் 350 வாட் இழுத்தால் 750 விஏ வாங்குங்கள். வகை: மலிவான ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரில் பொதுச் சுருள் அறுந்தால் 230-ம் நேராக ஆம்புக்குள் போகும். இரட்டைச் சுருள் வகை கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் வைண்டிங் கடையிலோ சொல்லிச் செய்யலாம். எர்த்: பல பெட்டிகளின் அவுட்புட் இரண்டு பின் மட்டும். எர்த் பின் உள்ள சாக்கெட் போட்டு, சுவரின் பச்சை வயரோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதிய ஆம்ப் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், ஏனென்றால் அதே வோல்டேஜில் ட்ரான்ஸ்ஃபார்மர் இரும்பின் காந்த ஓட்டம் 20 சதவீதம் ஏறும். 120-க்குப் பதில் 110 கொடுத்தால் ஏற்றம் பாதியாகக் குறையும், ஹீட்டரும் 5.8 வோல்ட்டில் எல்லைக்குள் நிற்கும். 50/60 என்று எழுதியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

பிற்காலத்தில் ட்ரான்ஸ்ஃபார்மரையே 230-க்கு மாற்றினால் ஃப்யூஸையும் மாற்ற மறக்காதீர்கள். 120-ல் 4 ஆம்பியர் என்றால் 230-ல் 2 ஆம்பியர், மெதுவாக உருகும் வகை.

18. ரேக் ட்ராயர்ல நாலஞ்சு பெடல் வெச்சிருக்கேன். ஒரே அடாப்டர்ல மாலை மாதிரி கோக்கலாமா?

எல்லாம் பழைய அனலாக் பெடல் என்றால் கோக்கலாம். நடுவில் ஒரு டிஜிட்டல் டிலே வந்துவிட்டால் அதன் க்ளாக் சத்தம் பொது எர்த் வழியாக டிஸ்டார்ஷனுக்குள் புகுந்து "கீ" என்று பெருகும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாக ஐசொலேட் ஆன சப்ளை வாங்குங்கள். டிஜிட்டல் பெடலுக்கு 300 முதல் 500 மில்லி ஆம்பியர் தரும் அவுட்புட் வேண்டும். பழைய அலெசிஸ் ரேக் எஃபெக்ட் சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர். ப்ளக் நுழைகிறது என்று டிசியைக் குத்த வேண்டாம். அடாப்டர் ஒவ்வொன்றிலும் எதற்கு என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

19. ரேக்கை ஆன் பண்ணினா சில சமயம் எம்.சி.பி. விழுது, சில சமயம் ஆர்.சி.சி.பி. விழுது.

இரண்டும் வேறு. எம்.சி.பி. விழுந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் ஒரே நொடியில் இழுக்கும் முதல் கரண்ட், முக்கியமாக டொராய்டல் உள்ளவை. பி-வகைக்குப் பதில் சி-வகை எம்.சி.பி. போடுங்கள், பெட்டிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். பவர் ஆம்ப் கடைசியில் ஆன், முதலில் ஆஃப். இல்லையென்றால் ஸ்பீக்கர் குதிக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் முதலில் உண்மையான கசிவு என்றே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பாருங்கள். ஒரே பெட்டியில் விழுந்தால் அது சர்வீஸுக்குப் போக வேண்டும். எதைக் கழற்றினாலும் சரியாகிவிடுகிறது என்றால், எல்லா ஃபில்டர்களும் எர்த்துக்கு விடும் சிறு கசிவுகள் கூடிவிட்டன. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ரேக் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போடுங்கள். எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

20. மூணு ஃபேஸ் வீடு. ரேக் ஒரு ரூம்ல, பவர் ஆம்ப் அடுத்த ரூம்ல. பிரச்சினையா?

அடுத்த அறை வேறு ஃபேஸில் இருந்தால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 400 வோல்ட் வித்தியாசம் உள்ள லைன்கள் வரும். எர்த் வயர்களும் வெவ்வேறு வழியாகப் போவதால் ஹம்மும் நிச்சயம். ரேக் அறையிலிருந்தே பவர் ஆம்புக்கு ஒரு கேபிள் இழுங்கள், அல்லது பவர் ஆம்பை ரேக்கிலேயே வைத்து ஸ்பீக்கர் கேபிளை நீட்டுங்கள். போர் மோட்டார், ஏசி இரண்டும் வேறு ஃபேஸில் இருப்பது நல்லது. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுத்து வோல்டேஜைத் தள்ளாட வைக்கும்.

21. தடிமனான ஆடியோஃபைல் பவர் கார்டு போட்டா டோன் மாறுமா?

மாறாது. 10 மீட்டர் தூர 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங்கில் 2 ஆம்பியர் ஓடினால் விழுவது 0.3 வோல்ட். அதற்குப் பின் ஒரு மீட்டர் கார்டில் என்ன இருக்கிறது? இறுக்கமான பின், முழுச் செம்பு, அவ்வளவுதான். கடற்கரை ஊர்களில் பின் கறுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை கான்டாக்ட் க்ளீனர் அடியுங்கள்.

22. சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்கே, இடி மின்னல்ல ப்ளக்கைப் பிடுங்கணுமா?

பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. எர்த் வயரும் நியூட்ரல் வயரும் அப்போதும் ரேக்கோடு இணைந்தே இருக்கும். சித்திரை கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் சுவர் ப்ளக், இன்டர்நெட் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். பல பெட்டிகளில் அது செத்தபின்னும் சாக்கெட்டில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.

23. எல்லாம் செஞ்சாச்சு. பகல்ல அமைதி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும் உறுமுது. ஏன்?

எட்டாவது பதிலின் சோதனையை அந்த நேரத்தில் செய்யுங்கள், பகலில் செய்து பயனில்லை. கிட்டாரைக் கழற்றினால் நிற்கிறது என்றால் எரியும் எல்ஈடி விளக்குகள்தான். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு மலிவான பல்பு குற்றவாளியாக இருக்கும்.

கிட்டார் இல்லாமலும் உறுமினால் நியூட்ரல்–எர்த் வோல்டேஜை மதியமும் மாலையும் அளந்து குறியுங்கள். மதியம் 2 வோல்ட், மாலை 8 வோல்ட் என்று ஏறினால் லோடு கூடும்போது நியூட்ரல் எங்கோ திணறுகிறது. டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், மீட்டர், போஸ்ட் என்று வரிசையாக நியூட்ரல் ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். முதலாவதை உங்கள் எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு இறுக்கலாம். மீட்டரும் போஸ்டும் ஈபி ஆட்கள் வேலை. புகாரில் "நியூட்ரல் லூஸ்" என்று எழுதுங்கள், இரண்டு அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். அது சரியாகும்வரை ரேக்கைக் குத்த வேண்டாம். 14-வது பதிலில் சொன்ன 400 வோல்ட் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.